மேடையில் முகம் ஏன் வெளுக்கிறது?

சபாவில் பரதநாட்டியம். ஆடுபவரின் புருவ அசைவுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. படத்திலோ முகம் வெறும் வெள்ளைத் திட்டு. ஏன்?

கேமராவின் தானியங்கி முறை பொதுவாகச் சட்டகம் முழுவதன் வெளிச்சத்தையும் சராசரி பார்த்து, அதை நடுத்தரச் சாம்பலாக்க முயலும். மேடையில் பெரும்பகுதி கறுப்புத் திரை. ‘இருட்டு அதிகம்’ என்று முடிவுகட்டி ஒளியைக் கூடுதலாக உள்ளே விடுகிறது. திரை சாம்பலாகிறது, விளக்கு நேராக விழும் முகத்தில் சென்சார் நிரம்பி வழிகிறது. வழிந்த இடத்தில் விவரமே பதிவாகாது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

ஆகவே ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளக்க வேண்டும். அல்லது எக்ஸ்போஷரை ஒன்றிரண்டு ஸ்டாப் குறைக்கலாம். ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். போனில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும்.

ஃபிளாஷ்? தயவுசெய்து வேண்டாம். தூரம் இரு மடங்கானால் அதன் ஒளி கால் பங்காகிவிடும். பத்தாம் வரிசையிலிருந்து அடித்தால் முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சிடும்.

அசைவை நிறுத்த 1/250 நொடி ஷட்டர் பெரும்பாலும் போதும். விளக்கு மங்கலாக இருந்தால் தீர்மானம் எனப்படும் தாளக் கோவை முடியும் கணத்துக்குக் காத்திருங்கள்: ஆடுபவர் சட்டென்று நிற்பார், 1/125 நொடியிலும் படம் கலங்காது.