கடைசற் பொறியும் கணினியும்

உலோகத் தொழிலிற் பயன்படும் பொறிகளுட் பலவற்றில் வேலைப்பொருள் சுழலாதிருக்க, வெட்டும் கருவியே சுழன்று தொழில் செய்யும். துளையிடும் பொறியும் மில்லிங் பொறியும் இவ்வகையின. 'லேத்' என வழங்கும் கடைசற் பொறியோ இதற்கு மறுதலையானது. ஆங்கு வேலைப்பொருள் சுழல்கின்றது. உளி அதன் மேனியில் நகர்கின்றது. ஒன்று சுழற்சி, மற்றையது பெயர்ச்சி. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று எவ்வாறு இயைகின்றன என்பதே கடைசற் கலையின் உயிர்நிலையாகும். அண்மைக் காலத்தில், வீட்டுப் பட்டறைகளில் உலோகவேலை பயிலும் ஆர்வலர் பலர் தம் சிறு கடைசற் பொறிகளைக் கணினியின் ஆட்சிக்கு உட்படுத்தி வருகின்றனர். அவ்வாறு செய்யுமிடத்து அவர்கள் தீர்க்க வேண்டிய தலையாய வினாவும் இவ்வியைபு பற்றியதேயாம்.

இவ்வினாவிற்கு முன்னையோர் இரும்பினால் விடை கண்டனர். 1800 ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஹென்றி மோட்சிலி என்னும் பொறிவினைஞர், உளி தாங்கும் வழுக்குப் பீடம், பொறியின் நீளத்திற்குக் கிடக்கும் நெடுந்திருகு, மாற்றி மாற்றிப் பூட்டத்தக்க பற்சில்லுகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே அமைத்துத் திருகுப்புரி வெட்டும் கடைசற் பொறியைச் செம்மைப்படுத்தினார். நெடுந்திருகின் புரியிடை 3 மில்லிமீற்றர் எனக் கொள்க. 1.5 மில்லிமீற்றர்ப் புரியிடையுள்ள திருகு வேண்டுமாயின், சுழல்தண்டு இருமுறை சுற்றுங்கால் நெடுந்திருகு ஒருமுறை சுற்றுமாறு பற்சில்லுகளைப் பூட்டினாற் போதும். வெட்டின் பாரத்தாற் சுழல்தண்டு தளர்ந்தால் உளியும் உடன் தளரும். அது விரைந்தால் உளியும் விரையும். பல்லோடு பல் கோத்து நிற்றலின் அவ்விகிதம் பிறழ்வதற்கு இடமே இல்லை.

எண்களால் பொறியை ஆளும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. ஹெலிகொப்டரின் சுழலலகுகளைச் செய்யும் முயற்சியில் ஈடுபட்டிருந்த ஜோன் பார்சன்ஸ் என்பாரின் எண்ணத்தினின்றும் கிளைத்த ஆராய்ச்சியின் பயனாக, அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952 இல் துளையிட்ட நாடாவினால் ஆளப்படும் மில்லிங் பொறியொன்றை இயக்கிக் காட்டியது. அக்காலத்து அது பெருந்தொழிற்சாலைகளுக்கே எட்டும் பொருளாயிருந்தது. 1990 களில் அமெரிக்க அரசின் தர நிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனம் பொறிகளை ஆளும் நிரலொன்றை ஆக்கிற்று. அரசின் ஆக்கமாதலின் அது பொதுவுடைமையாயிற்று. 2000 ஆம் ஆண்டளவில் ஆர்வலர் கூட்டத்தினர் அதனைத் தம் கையேற்று வளர்த்தனர்; 2012 ஆம் ஆண்டளவில் அது லினக்ஸ்சிஎன்சி என்னும் பெயரைப் பெற்றது. விண்டோஸ் கணினியில் இயங்கும் மாக்-3 என்னும் மென்பொருளும் ஆர்வலரிடையே பெரிதும் பரவியது. 2009 இல் தோன்றிய ஜிஆர்பிஎல் என்னும் நிரல், ஆர்டுயினோ என்னும் சிறிய மின்சுற்றுப் பலகையிலேயே இயங்கவல்லது.

கணினி ஆளும் கடைசற் பொறியில் இரு அச்சுகள் உள. சுழல்தண்டிற்கு இணையாக உளி செல்லும் திசை இசெட் அச்சு எனவும், குறுக்கே செல்லும் திசை எக்ஸ் அச்சு எனவும் பெயர்பெறும். கைச்சில்லுகள் இருந்த இடத்தில் ஸ்டெப்பர் மோட்டர்கள் அமைகின்றன. இம்மோட்டர் மின்துடிப்பு ஒன்று வருந்தோறும் ஓரடி எடுத்து வைக்கும். ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும் மோட்டரின் ஒவ்வோர் அடியையும் மின்சுற்றினாற் பத்தாகப் பகுத்தால், சுற்றொன்றுக்கு 2000 நுண்ணடி கிடைக்கும். அது சுழற்றும் திருகு, சுற்றொன்றுக்கு 5 மில்லிமீற்றர் செலுத்துமாயின், ஒரு மில்லிமீற்றருக்கு 400 அடி; அதாவது ஓரடிக்கு 0.0025 மில்லிமீற்றர் ஆகும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. குறுக்கே உளி 0.0025 மில்லிமீற்றர் நகர்ந்தால் வேலைப்பொருளின் விட்டம் அதன் இருமடங்கு குறையும். வரைபடங்கள் விட்டத்தையே குறிக்கும். பொறியோ ஆரையின் வழியே நகரும். ஆதலின் கட்டளையிலுள்ள எண் விட்டமா ஆரையா என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் ஜி 7 என்னும் கட்டளை விட்டத்தையும், ஜி 8 ஆரையையும் சுட்டும். விட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் குறைக்க எழுதிய கட்டளை ஆரையெனக் கொள்ளப்படின் இரண்டு மில்லிமீற்றர் குறைந்துவிடும். அவ்வாறு வெட்டிக் கழிந்த உலோகம் மீளாது.

நேர்கோட்டிற் கடைதலும் வளைவாகக் கடைதலும் கணினிக்கு எளிய. புரி வெட்டுதலே அதன் ஆற்றலை அளக்கும் உரைகல். பற்சில்லுகள் நீங்கியமையால், சுழல்தண்டிற்கும் உளிக்கும் இடையே இரும்பினாலான தொடர்பு யாதும் இல்லை. அத்தொடர்பை எண்ணிக்கையினால் மீளப் படைத்தல் வேண்டும். இதன்பொருட்டுச் சுழல்தண்டில் என்கோடர் என்னும் உணர்கருவி பொருத்தப்படுகின்றது. ஆயிரம் கோடுகளுடைய தட்டொன்றை, கோட்டிடையின் காற்பங்கு விலகிநிற்கும் இரு கண்கள் நோக்குமாயின், சுற்றொன்றுக்கு 4000 எண்ணிக்கைகள் பெறலாம். மூன்றாவது கண் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் குறிகாட்டும்.

10 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர்ப் புரியிடையும் உள்ள திருகொன்று, நிமிடத்திற்கு 300 சுற்று வீதம் வெட்டப்படுகின்றது எனக் கொள்வோமாயின், உளி ஒரு செக்கனில் 7.5 மில்லிமீற்றர் செல்லல் வேண்டும். லினக்ஸ்சிஎன்சி பெரும்பாலும் செக்கனொன்றில் ஆயிரம் தடவை கணக்கிடும் வண்ணம் அமைக்கப்படுகின்றது. ஒரு கணக்கிற்கும் மறு கணக்கிற்கும் இடையே சுழல்தண்டு 1.8 பாகை திரும்பும். என்கோடர் 20 எண்ணும். உளி 3 நுண்ணடி வைக்கும். சுழல்தண்டு தளர்ந்து 20 என்பது 19 ஆகக் குறைந்தால், உளியின் செலவும் அவ்வீதத்திற் குறையும். ஜி 33 என்னும் கட்டளை இவ்வாறு உளியைச் சுழல்தண்டோடு பிணைக்கின்றது. புரி ஒரே வெட்டில் முற்றுப்பெறாது. பல முறை சிறிது சிறிதாக ஆழ்ந்து செல்லும். ஒவ்வொரு முறையும் உளி அதே தடத்தில் இறங்குதற்கு மூன்றாங் கண்ணின் குறி தொடக்கப்புள்ளியாகின்றது. ஜி 76 என்னும் கட்டளை இவ்வெட்டுகள் அனைத்தையும் ஒரு தொகுதியாக நடத்தி முடிக்கும்.

இப்பிணைப்பு இல்லாவிடில் நேர்வது யாது? தொடக்கத்தில் 300 சுற்று என அளந்து, அவ்வேகமே நிலைக்கும் எனக் கருதி உளியைச் செலுத்தினால், வெட்டின் பாரத்தாற் சுழற்சி 285 ஆகத் தளர்ந்தவிடத்துப் புரியிடை 1.5 இற்குப் பதிலாக ஏறத்தாழ 1.58 மில்லிமீற்றர் ஆகும். பத்துப் புரிகளில் இப்பிழை திரண்டு 0.8 மில்லிமீற்றரை அணுகும். அது ஒரு புரியிடையிற் பாதிக்கும் மேலாம். கண்ணுக்கு அத்திருகு குற்றமற்றதாகவே தோன்றும். நட் எனப்படும் சுரையைப் பூட்டும்போதே அது இறுகி நின்று தன் பொய்யை வெளிப்படுத்தும். சுற்றுக்கு ஒரு குறி மட்டும் பெறும் அமைப்புகளில், சுழற்சி தளராதிருக்கும் வலிய மோட்டர் இன்றியமையாததாவது இதனாலேயே. ஜிஆர்பிஎல் நிரலின் மூல வடிவம் சுழல்தண்டின் நிலையைப் பின்பற்றுவதன்று. ஆதலின் புரி வெட்டுதற்கு அது ஏலாது.

கணினியின் காலந்தவறாமையும் ஈண்டு வேண்டற்பாலது. கடிதம் எழுதவும் படம் காட்டவும் அமைந்த கணினி, பிறிதொரு வேலையின் பொருட்டுச் சில மில்லிசெக்கன் தாமதித்தால் எவரும் அறியார். உளியை நடத்துங்கால் அத்தாமதம் வெட்டின்மேல் வடுவாகப் பதியும். ஆகையினால் லினக்ஸ்சிஎன்சி, உரிய கணத்திற் பணிசெய்வதற்கென அமைக்கப்பட்ட இயக்க முறைமையின் மேல் நடத்தப்படுகின்றது. பொறியைப் பூட்டுமுன் கணினியின் தாமதத்தை அளந்து பார்த்தற்குரிய சோதனையும் அதனோடு வருகின்றது.

கணினியால் எய்தும் நன்மைகளுள் ஒன்று வெட்டு வேகத்தை ஒருபடித்தாகக் காத்தல். முகத்தைக் கடையுங்கால் உளி விளிம்பினின்றும் நடுவை நோக்கிச் செல்ல, உலோகம் உளியைக் கடக்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். ஜி 96 என்னும் கட்டளை விட்டம் குறையுந்தோறும் சுழற்சியைக் கூட்டி அதனைச் சமன்செய்யும். நிமிடத்திற்கு 100 மீற்றர் வேகத்திற்கு 40 மில்லிமீற்றர் விட்டத்தில் ஏறத்தாழ 796 சுற்று வேண்டும்; 10 மில்லிமீற்றரில் 3183 சுற்று வேண்டும்; நடுப்புள்ளியிலோ எல்லையற்ற சுற்று வேண்டும். எனவே மேலெல்லை ஒன்றைக் கட்டளையிலேயே விதித்தல் வேண்டும். அதனை மறந்தவனது பொறி, வேலைப்பொருளைப் பற்றியிருக்கும் சக் தாங்கும் வேகத்தையும் கடந்து விரைய முற்படும்.

கணினி அறியாதனவும் பல. சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் பாரம் மிகுந்து ஓரடி தவறினாலும் மென்பொருள் அதனை அறியாது. தான் எண்ணிய இடத்திலேயே உளி நிற்பதாகக் கருதித் தொழிலைத் தொடரும். பழைய திருகுக்கும் அதன் சுரைக்கும் இடையேயுள்ள தளர்வை எண்ணால் ஓரளவு ஈடுசெய்யலாமேனும், வெட்டும் விசையால் உளிப்பீடம் அத்தளர்வினூடே இழுக்கப்படுதலை எண் தடுக்காது. சக்கிற் சாவி மறந்து விடப்பட்டுள்ளதா என்பதையும் அது பாராது. கைச்சில்லைச் சுற்றுபவன் தடையை விரலால் உணர்ந்து நிறுத்துவான். மோட்டருக்கு அவ்வுணர்வு இல்லை. இதனாலேயே, காப்பிற்கு மென்பொருளை மட்டும் நம்பலாகாது என்றும், மனிதர் அபாய எல்லையுட் புகுமுன் மோட்டர்களுக்குச் செல்லும் மின்னை முற்றாக நீக்க வழி வேண்டும் என்றும் லினக்ஸ்சிஎன்சியின் மூலநிரலிலேயே எச்சரிக்கை பொறிக்கப்பட்டுள்ளது. அவசர நிறுத்தி, கணினியிடம் இசைவு கேளாமல் மின்னைத் துண்டிப்பதாய் அமைதல் வேண்டும்.

மோட்சிலி காலத்துப் பற்சில்லு தன் பிழையைத் தானே காட்டிவிடும். பல் கோவாவிடின் பொறி நடவாது. எண்ணாலாகிய பிணைப்போ பிழைபட்டவிடத்தும் தடையின்றி நடக்கும். ஆதலின் பொறி கணினியின் வசமான பின்னர்க் கடைசற்காரனின் பொறுப்பு குறைவதில்லை. கையினின்றும் கணக்கிற்கு இடம் மாறுகின்றது. புரியிடை, விட்டம், வேகம் ஆகியவற்றின் பொருளை உணர்ந்து, வெட்டத் தொடங்குமுன் வெறுவெளியில் உளியை ஒருமுறை நடத்திப் பார்த்துச் சரிகண்ட பின்னரே உலோகத்தைத் தொடுவிப்பவனுக்குக் கணினி நற்றுணையாம். அவ்வறிவின்றி விசையை அழுத்துவானுக்கு அது அவன் பிழையையே பிழையின்றி நிறைவேற்றிக் கொடுக்கும்.