சர்வர் மாறினாலும் 'பாடு' மாறாது: இ-சேவைக்குப் பின்னால் நடக்கும் வேலை

"சர்வர் வேலை செய்யலீங்க, நாளைக்கு வாங்க."

இ-சேவை மையத்தில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவுதான். ஆனால் பழவேற்காடு ஏரிக்கரையில் இதன் விலை கொஞ்சம் அதிகம். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று வாங்க லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தோ வைரவன்குப்பத்திலிருந்தோ ஒருவர் வருகிறார் என்றால், அன்றைய தொழிலை விட்டுவிட்டுத்தான் வருகிறார். அதுவும் பிளஸ் 2 முடிவு வந்து விண்ணப்பங்கள் குவிகிற நேரமும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாகவே வரும். கையில் காசு குறைவு, கடைசித் தேதியோ நெருங்குகிறது.

சரி, அந்த 'சர்வர்' என்பது என்ன? அது நின்றுபோனால் எப்படித் திரும்ப எழுப்புகிறார்கள்? வாங்க, பார்க்கலாம்.

பாடு தெரியும்தானே?

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் பக்கம் இருப்பவர்களுக்குப் 'பாடு' பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் சுத்து வலை கட்ட எந்த இடம், எந்த நாள், யாருடைய முறை என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். உரிமை ஆளுக்குத்தான், படகுக்கு இல்லை. படகு பழுதாகி வேறு படகில் போனாலும் அவருடைய முறை அவருடையதே.

சர்வர் ப்ரொஃபைல் என்பதும் கிட்டத்தட்ட இதுதான். சர்வர் என்பது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் பெரிய கணினி. அது எந்த டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும், டிஸ்குகளை எப்படிச் சேர்த்து வைக்க வேண்டும், நெட்வொர்க்கில் அதன் அடையாளம் என்ன, அதைக் கையாள யாருக்கு அனுமதி என்று நூற்றுக்கணக்கான அமைப்புகள் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் ப்ரொஃபைல். இயந்திரம் பழுதானாலும் கோப்பு இருக்கும். இன்னொரு இயந்திரத்தை அதே 'பாட்டில்' இறக்கிவிடலாம்.

2009-இல் சிஸ்கோ நிறுவனம் யுசிஎஸ் சர்வர்களைக் கொண்டுவந்தபோது, 'சர்வீஸ் ப்ரொஃபைல்' என்ற பெயரில் இந்த முறையைத்தான் முன்வைத்தது. டெல், எச்பிஇ நிறுவனங்களின் சர்வர்களிலும் இதே வசதி இருக்கிறது.

மவுஸ் இருக்க, கட்டளை எதற்கு?

ஒரு சர்வர் என்றால் திரையைப் பார்த்து கிளிக் செய்து முடித்துவிடலாம். ஐம்பது சர்வர் இருந்தால்? இருபதாவதிலேயே கை தவறும். கட்டளை வரி முறையில் ஒருமுறை எழுதினால் போதும், எத்தனை சர்வருக்கும் அதே கட்டளைதான். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவையும் வைத்துக்கொள்ளலாம். டெல் சர்வர்களுக்கு 'ராக்ஆட்ம்', எச்பிஇ சர்வர்களுக்கு 'ஐலோரெஸ்ட்' என்று தனித்தனிக் கருவிகள் உள்ளன.

டெல் கருவியில் வேலை இப்படி நடக்கும்:

1. நன்றாக ஓடும் ஒரு சர்வரின் அமைப்புகளை 'கெட்' கட்டளையால் ஒரு கோப்பாக எடுப்பார்கள்.

2. எடுக்கும்போதே வகையைச் சொல்ல வேண்டும். அதேபோல் இன்னொரு சர்வரை உருவாக்க 'குளோன்'. பழுதான சர்வரின் இடத்தில் புதியதை வைக்க 'ரீப்ளேஸ்'.

3. கோப்பைத் திறந்து, தேவையான வரிகளை மட்டும் திருத்துவார்கள்.

4. உடனே போட்டுவிட மாட்டார்கள். முதலில் 'ப்ரிவியூ' கொடுத்து, கோப்பில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

5. பிறகுதான் 'செட்' கட்டளை. பல மாற்றங்களுக்கு சர்வர் ஒருமுறை அணைந்து எழ வேண்டும். அதனால்தான் இதுபோன்ற பராமரிப்பு வேலைகளைப் பெரும்பாலும் இரவில் வைத்துக்கொள்கிறார்கள்.

6. கடைசியாக, எந்த மாற்றம் ஏறியது, எது ஏறவில்லை என்று முடிவைச் சரிபார்ப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை

ப்ரொஃபைலில் இருப்பது அமைப்புகள் மட்டுமே. உங்கள் விண்ணப்பமோ, இணைத்த ஆவணமோ அதில் இருக்காது. அவை தரவுத்தளத்தில் இருப்பவை, அதற்குத் தனியாக பேக்கப் வேண்டும். ப்ரொஃபைல் இருக்கிறதே என்று பேக்கப்பை விடுவது, படகைக் காப்பாற்றி மீனைக் கடலில் விட்ட கதைதான்.

இன்னொன்று: ஒரு கட்டளை ஐம்பது சர்வரைச் சரிசெய்யும் என்றால், தவறான ஒரு கட்டளை ஐம்பதையும் கெடுக்கும். எனவே முதலில் ஒரே ஒரு சர்வரில் சோதித்துப் பார்ப்பது நல்லது. நெட்வொர்க் விவரங்கள் இருப்பதால், கோப்பையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* 'சர்வர் இல்லை' என்றால் எப்போதும் சர்வர்தான் காரணம் என்று இல்லை. மையத்தின் இணைய இணைப்பு, மின்சாரம், ஓடிபி தாமதம் எதுவாகவும் இருக்கலாம். "வேறு இணையதளம் திறக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எதுவுமே திறக்கவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் இணைப்பில்தான். பக்கத்து மையத்தில் அதே வேலை முடியலாம்.

* விண்ணப்பம் பாதியில் நின்றால் உடனே மறுபடி பணம் கட்டாதீர்கள். விண்ணப்ப எண் உருவாகிவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

* ஒப்புகைச் சீட்டையும் கேன் எண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மழையிலும் உப்புக்காற்றிலும் காகிதம் நிற்காது.

* கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் ஏறிய பிறகும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று பார்வை தாண்டித்தான் சான்று வரும்.

* குறை இருந்தால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணுக்கு அழையுங்கள். மையத்தின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் சொன்னால் எங்கே நின்றது என்று தேடுவது சுலபம்.

அடுத்த முறை இரவு நேரப் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். எங்கோ ஒருவர் கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, 'ப்ரிவியூ' கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். காலையில் ஏரியைத் தாண்டி வருகிறவர் வெறுங்கையோடு திரும்பாமல் இருப்பது, அந்த ஒரு கோப்பு சரியாக இருப்பதையும் பொறுத்தது.