உழவு இயந்திரத்தில் பிறேக் தளர்வது ஏன்?

இரத்மலானை விமான நிலையத்தில் சிறு விமானமொன்று தரையில் திரும்புவதைக் கண்டவர்கள், அதன் ஒரு சக்கரம் ஏறத்தாழ நின்றுவிட, மறு சக்கரம் அதனைச் சுற்றி ஓடுவதைக் கவனித்திருப்பர். விமானி ஒரு பக்கத்துப் பிறேக்கை மட்டும் இயக்கி அவ்வாறு திருப்புவதுண்டு. வன்னி வயல்களில் உழவரும் வரப்போரத்தில் இதே முறையைக் கையாளுகின்றனர். உழவு இயந்திரத்தின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி மிதிகள் அமைந்திருப்பது இதற்காகவே.

வயலில் வசதியான இவ்வமைப்பு வீதியில் ஆபத்தாக மாறக்கூடும். நெல்மூடைகள் ஏற்றிய பெட்டியுடன் குளக்கட்டிலிருந்து இறங்கும்பொழுது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுவினால், இயந்திரம் பக்கவாட்டில் இழுபட்டுக் கவிழலாம். ஆகவே பிறேக் தளர்ந்தால் அதன் காரணத்தை அறிதல் உயிர் காக்கும் காரியமாகும்.

பலரும் அறிந்த மாசி பெர்கசன் 35 இல் இருப்பது டிரம் பிறேக். இங்கிலாந்தில் உருவாகி, 1960களில் இந்தியாவில் மஹிந்திரா நிறுவனத்தாரின் கூட்டுறவுடன் தயாரிக்கப்பட்ட இன்டர்நாஷனல் பி-275 இல் இருப்பதோ தட்டுப் பிறேக். அதன் உறையினுள், சுழலும் தண்டோடு சேர்ந்து லைனிங் ஒட்டிய இரு தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் நடுவே சுழலாத இரு இரும்புத் தகடுகள் உள்ளன. இத்தகடுகளுக்கு இடையில், சரிவான குழிகளில் எஃகுக் குண்டுகள் கிடக்கின்றன. மிதியை அழுத்தினால் கம்பி தகடுகளைச் சிறிது திருப்பும். குண்டுகள் சரிவில் ஏறித் தகடுகளை விலக்கும். அவை லைனிங் தட்டுகளை உறையோடு அழுத்திச் சுழற்சியைத் தடுக்கும். இங்கே எண்ணெய் அழுத்தக் குழாய் எதுவும் இல்லை. யாவும் கம்பியும் நெம்பும் செய்யும் வேலை.

பிறேக் தளர்ந்தவுடன் கம்பியை முறுக்கி இறுக்குவதே பலருடைய வழக்கம். ஆனால், நோய் இன்னதென்று மிதியே சொல்லிவிடும். மிதி வெகுதூரம் இறங்கிய பின்னரே பிடிக்குமாயின், லைனிங் தேய்ந்திருக்கலாம். அல்லது இணைப்பு ஊசிகளும் அவற்றின் துளைகளும் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கலாம். லைனிங்கில் போதிய தடிப்பு இருந்தால் மட்டுமே கம்பியை முறுக்குவது பயன் தரும்.

மிதி மேலேயே இறுகி நின்றும் இயந்திரம் நிற்கவில்லையாயின், லைனிங் எண்ணெயில் ஊறியிருத்தல் கூடும். தண்டின் ஒயில் சீல் பழுதானாலும், கியர் எண்ணெய் அளவுக்கு மிஞ்சினாலும், காற்றுத்துளை அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடினாலும் எண்ணெய் கசியும். ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவுவது வீண். சூடேறியதும் உள்ளிருந்த எண்ணெய் மீண்டும் வெளிவரும். சீலையும் லைனிங்கையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். சீலை மாற்றாது லைனிங்கை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

மிதியை விட்ட பின்னும் உறை சூடேறினால், சேற்று நீரால் குண்டுக் குழிகள் துருப்பிடித்திருக்கலாம். தகடுகளை மீட்கும் சுருள்வில்கள் தளர்ந்திருக்கலாம். அந்நிலையில் கம்பியை மேலும் இறுக்கினால் லைனிங் கருகிவிடும். குழிகளில் பள்ளம் விழுந்திருந்தால் தகடுகளையும் மாற்றவேண்டும்.

உறையைத் திறக்குமுன் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது. ஆகையால், அதனைக் காற்றடித்து ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

வேலை முடிந்ததும், ஆளில்லாத சமதரையில், இரு மிதிகளையும் கொளுவியால் பிணைத்து, மெதுவாக ஓட்டி அழுத்திப் பார்க்கவேண்டும். இரு சக்கரங்களும் மண்ணில் ஒத்த தடம் பதித்து, இயந்திரம் நேராக நின்றால் வேலை சரி. வீதியில் ஏறும்பொழுதெல்லாம் அக்கொளுவி பூட்டியே இருக்கவேண்டும். மேட்டிலிருந்து இறங்கும்போது, அந்த மேட்டில் ஏறுவதற்குரிய தாழ்ந்த கியரிலேயே, கிளச்சை மிதிக்காது இறங்குவது நலம். பின்னிருந்து தள்ளும் பெட்டிக்குப் பெரும்பாலும் சொந்தப் பிறேக் இல்லை என்பதை மறத்தலாகாது. பாரத்தைத் தாங்குவது எஞ்சினும், ஒத்துப் பிடிக்கும் அவ்விரு பிறேக்குகளுமே.