எந்தச் சொல், எந்த எண், எந்தப் பெயர்: இணையத்தில் எழுதுவோருக்கு ஒரு சொந்த நடைக்கையேடு

மே மாதம் வந்தால் முகநூல் நினைவுக் குறிப்புகளால் நிரம்பிவிடும். ஒருவரே ஒரு பதிவில் “காணாமல் போனோர்” என்று எழுதுவார், அடுத்த பதிவில் “காணாமல் ஆக்கப்பட்டோர்” என்பார். எண்களும் அப்படித்தான் மாறும். எழுதுகிறவருக்கு இது சின்ன விடயம். ஆனால், எங்களுடைய யுத்தத்தைப் பற்றிய பதிவுகளில் பெரும்பகுதி இன்று இப்படித் தனியாட்கள் எழுதியவைதான். பத்து வருடங்களுக்குப் பிறகு தேடுகிறவரின் கையில் கிடைக்கப்போவதும் அவைதான்.

செய்தி நிறுவனங்கள் இதற்கென நடைக்கையேடு வைத்திருக்கின்றன. எந்தச் சொல்லைப் பாவிப்பது, எப்படி எழுத்துக்கூட்டுவது, எதைத் தவிர்ப்பது என்று ஒருமுறை முடிவெடுத்து எழுதிவைத்த குறிப்பு அது. தனியாக எழுதுகிறவருக்கு ஒரு கொப்பியில் நாலைந்து பக்கம் போதும்.

முதலில் சொற்கள். “போதல்” தானாக நடப்பது. “ஆக்கப்படுதல்” என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகம் “காணாமற்போன ஆட்கள்” என்ற பெயரையே வைத்துக்கொண்டது. வலிந்து காணாமலாக்கப்படுதலைக் குற்றமாக்கியது 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். ஆகவே விதி இப்படி அமையலாம்: அலுவலகத்தின் பெயரை உள்ளபடி எழுதுவது, எங்கள் வசனத்தில் “காணாமலாக்கப்பட்டோர்” என்பது. இதிலும் ஒரு பிரிவு உண்டு. 2009 மே மாதம் வட்டுவாகலில் பிள்ளைகளை இராணுவத்திடம் கொண்டுபோய் ஒப்படைத்த தாய்மார் சொல்வது “கையளித்தோம்” என்பதைத்தான். அவர்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் இருக்கவேண்டும். எங்கே, எவரிடம் என்ற விபரம் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

எண்கள் இதைவிடச் சிக்கலானவை. இறுதி யுத்தம் பற்றி மூன்று எண்கள் சுற்றித் திரிகின்றன. மூன்றும் ஒரே விடயத்தைச் சொல்பவை அல்ல. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என்பது. 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000இற்கும் அதிகமானோர் கணக்கில் வரவில்லை என்றது. 146,679 என்பது மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த எண். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய 429,059 பேரிலிருந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்த 282,380 பேரைக் கழித்தால் வரும் மீதி அது. அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார் ஆயர். “146,679 பேர் கொல்லப்பட்டனர்” என்று எழுதினால் அவருடைய கேள்வியை நாங்களே அழித்துவிடுகிறோம். மறுக்க நினைப்பவருக்கும் அது வசதியாகிவிடும். கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் அதற்குரிய வினைச்சொல்லையும், சொன்னவரையும், ஆண்டையும் எழுதிவையுங்கள்.

ஊர்ப்பெயர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். மணலாறு என்று எழுதுவதா, வெலிஓயா என்பதா? முன்னதை எழுதி, தேவையான இடத்தில் “இன்று அரச ஆவணங்களில் வெலிஓயா” என்று ஒருமுறை சேர்ப்பது என் வழக்கம். இரண்டில் எதைத் தேடினாலும் பதிவு அகப்படும்.

தேடல் என்றதும் எழுத்துக்கூட்டலும் வருகிறது. யூரியூப், யூடியூப், ரொறன்ரோ, டொரோண்டோ. எங்களுடைய ரகர, றகர வழக்கை விட்டுவிடச் சொல்லமாட்டேன், அது எங்கள் காது. ஒரே பதிவில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் வீட்டில் இருந்தால் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். இணையத் தேடலுக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

அடுத்தது எழுதுகிறவரின் பெயர். சந்தைப்படுத்தல்காரர் இதை அடையாளமாக்கல் என்பார்கள். சொந்தப் பெயரோ புனைபெயரோ, ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே முதலெழுத்தோடு எல்லா இடத்திலும் இருந்தால்தான் வாசகர் உங்களைத் தொடர்ந்து அடையாளம் காண்பார். பாதுகாப்புக்காகப் புனைபெயர் எடுப்பவர் அதற்கெனத் தனி மின்னஞ்சல் வைத்திருக்கவேண்டும். சொந்தத் தொலைபேசி இலக்கத்தில் திறந்த கணக்கு, உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கெல்லாம் உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகக் கைதானவர்கள் எங்கள் மத்தியிலேயே இருக்கிறார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது.

கடைசிப் பக்கம் எழுதக்கூடாதவற்றுக்கு. சாட்சி சொன்னவரின் பெயரை மறைத்துவிட்டு, ஊரையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று விளங்கிவிடும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், முன்னாள் போராளி, சிறுவர் ஆகியோரைப் பற்றி எழுதும்போது எவை எவை மறைக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. பதிவேற்றும் அவசரத்தில் அது நினைவுக்கு வராது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில், இடம் பதியும் வசதி திறந்திருந்தால், எடுத்த இடமும் சேர்ந்தே இருக்கும். அனுப்பமுன் அதை நீக்கவேண்டும். சம்மதம் தந்தவர் பிறகு வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி தேவை. என் கொப்பியில் இருப்பது: காரணம் கேட்காமல் நீக்குவது.

விதியை மாற்றினால் பக்கத்தில் திகதி போடுங்கள். பழைய பதிவில் எண்ணையோ சொல்லையோ திருத்தினால் பதிவின் கீழே எது, எப்போது திருத்தப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள்.