காத்து வரணும், கொசு வரக் கூடாது... ஸ்லைடிங் கொசுவலை மாட்டப் போறீங்களா?

சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா போதும், குமராட்சிப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். ஜன்னலை இழுத்துச் சாத்துறது. வெளியே வயக்காட்டுக் காத்து சில்லுன்னு வீசும். உள்ளே ஃபேன் சூட்டுக் காத்தையே சுத்திச் சுத்தி அடிக்கும். ஜன்னலைத் திறந்தா கொசு, மூடினா புழுக்கம். நடுவுல கொசுவத்திப் புகை வேற!

இதுக்குத் தீர்வு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஜன்னலுக்கு வலை அடிக்கணும். ஆனா, வலை அடிச்ச பல வீடுகளிலும் கொசு குறையலையே, ஏன்? பெரும்பாலும் தப்பு வலையில் இல்லை. வலையைச் சுத்தி இருக்கிற இடுக்கில்தான் இருக்கு. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க.

நம்ம ஊர்ல ஏன் இவ்வளவு கொசு?

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போற சாலையில் இருக்கு குமராட்சி. தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி, நடுவுல வாய்க்கால்களும் நெல் வயல்களும். சம்பா நடவு முடிஞ்சா மாசக்கணக்கில் வயலில் தண்ணீர் நிக்கும். அந்தத் தண்ணீரில் வளர்ற கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள் பொழுது சாய்ஞ்ச பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும்.

இந்த வயல் கொசுக்கள்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புறவை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம்ம வேலூர் பகுதியில்தான், 1955-ல். அப்புறம், கடலூரை உள்ளடக்கிய பழைய தென்னாற்காடு மாவட்டமும் இந்த நோய் ஆய்வுகளில் அடிக்கடி வர்ற பெயர் ஆயிடுச்சு. மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், விருத்தாசலத்தில் ஒரு கள நிலையமே வெச்சு இதை ஆராய்ந்தது. இந்த நோய்க்குன்னு தனி மருந்து இல்லை. பிழைச்ச குழந்தைகளில் சிலருக்கு நரம்புப் பாதிப்பு நிரந்தரமா தங்கிடும். அதனால முதல் பாதுகாப்பு தடுப்பூசிதான். வலை அதுக்கு மாற்று இல்லை, துணை.

இன்னொரு கியூலெக்ஸ், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்றது. யானைக்காலைப் பரப்புறது அதுதான். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவோ பகல்ல கடிக்கும், முக்கியமா காலையிலும் மாலை இருட்டுறதுக்கு முன்னாடியும். ஆக, ராத்திரி மட்டும் கட்டில் வலைக்குள்ள படுத்தா போதாது. பகல்லயும் ஜன்னலுக்கு ஒரு காவல் வேணும்.

வலை நிஜமாவே வேலை செய்யுமா?

செய்யும். 1900-ல் இத்தாலியில், மலேரியாவுக்குப் பேர்போன ஒஸ்தியா சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், சாம்பன், லோ என்ற ரெண்டு மருத்துவர்கள் ஒரு குடிசையில் தங்கினாங்க. கதவு, ஜன்னல் எல்லாத்துக்கும் கம்பி வலை. பொழுது சாய்ஞ்சா உள்ளே, விடிஞ்சா வெளியே. மலேரியாவுக்கான கொய்னா மருந்தைக்கூட எடுத்துக்கலை. கோடை முழுக்கத் தங்கியும் அவங்களுக்குக் காய்ச்சல் வரலை. கொசுவால்தான் மலேரியா வருதுன்னு ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடிச்ச விஷயத்தைச் சந்தேகப்பட்டவங்களுக்கு அந்தக் குடிசை ஒரு பதில்.

சமீபத்திய உதாரணமும் இருக்கு. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2009-ல் 'லான்செட்' இதழில் வந்துச்சு. கதவு, ஜன்னலுக்கு வலை போட்டு, சுவருக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியையும் அடைச்ச வீடுகளில் கொசு 59 சதவிகிதம் குறைஞ்சது. குழந்தைகளுக்கு ரத்தசோகையும் குறைஞ்சது. வலை போடாத வீடுகளில் 19 சதவிகிதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை, வலை போட்ட வீடுகளில் 12 சதவிகிதம். கவனிங்க, ஜன்னலோடு நிக்காம கூரை இடைவெளியையும் அடைச்சாங்க!

ஏன் ஸ்லைடிங்?

யூடியூபில் பார்க்கிற வெளிநாட்டு வீடியோக்களில் கண்ணாடி மேலும் கீழும் நகரும். நம்ம வீட்டு ஜன்னல் அப்படி இல்லை. நம்மகிட்ட இருக்கிறது பெரும்பாலும் ரெண்டு வகைதான்.

ஒண்ணு, பழைய மர ஜன்னல். நிலையில் இரும்புக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. ரெண்டாவது, புது வீடுகளில் வர்ற அலுமினியம் அல்லது யு.பி.வி.சி ஸ்லைடிங் ஜன்னல்.

மர ஜன்னலில் நடக்கிற கதையைப் பாருங்க. உள்பக்கம் வலையை ஆணி அடிச்சு இறுக்கிடுவாங்க. ஐப்பசி மழை திடீர்னு சாய்ச்சு அடிக்கும். கதவை மூடணும்னா கம்பிக்கு நடுவுல கையை விட்டுக் கொக்கியை எடுக்கணும். கை எங்கே போகும்? வலையின் ஒரு மூலையைப் பிச்சுத்தான் கையை விடணும். அன்னிக்குப் பிச்ச மூலை பிச்சதுதான். அதுக்கப்புறம் கொசுவுக்கு அதுதான் மெயின் கேட்.

ஸ்லைடிங் வலையோட அருமை இங்கதான். தள்ளினா கை போகும், இழுத்து மூடினா கொசு போகாது. ஒட்டுற வெல்க்ரோ வலையிலும் இதைச் செய்யலாம். ஆனா, தினமும் பிரிச்சு ஒட்டினா தூசி ஏறிப் பிடிமானம் போயிடும். எப்பவாவது திறக்கிற ஜன்னலுக்கு வெல்க்ரோ, தினமும் திறக்கிற ஜன்னலுக்கு ஸ்லைடிங். இதுதான் கணக்கு.

அளவு எடுக்கும்போது...

மர ஜன்னலுக்கு, நிலையின் உள்பக்கத்தில் அலுமினிய ட்ராக் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டுவாங்க. அதில் ஜன்னல் அகலத்தில் பாதி பாதியா ரெண்டு வலைக் கதவுகள், ரெண்டு தனித்தனி ட்ராக்கில் ஓடும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணைத் தள்ளிட்டுக் கையை விடலாம்.

அகலத்தை மேல், நடு, கீழ்னு மூணு இடத்தில் அளந்துக்கோங்க. உயரத்தையும் அதேபோல இடது, நடு, வலதுன்னு அளங்க. மூணும் ஒண்ணா இருக்கும்னு நம்பாதீங்க. சட்டம் நிலைக்கு உள்ளே உட்காரப் போகுதுன்னா, இருக்கிறதுலயே சின்ன அளவைக் கொடுங்க. நிலையின் மேல படியப் போகுதுன்னா, திறப்பை விட நாலு பக்கமும் கொஞ்சம் அதிகமா வரணும்.

அடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்க. ரெண்டு குறுக்களவும் சமமா இல்லைன்னா ஜன்னல் கோணலா இருக்குன்னு அர்த்தம். நேரான சட்டத்தைக் கோணல் நிலையில் மாட்டினா ஒரு ஓரத்தில் முக்கோணமா இடைவெளி விழும். அதை முன்கூட்டியே சொல்லிட்டா, மெல்லிய மரச்சட்டம் வெச்சோ சிலிகான் பூசியோ அடைச்சுடலாம்.

தாழ்ப்பாள், கொக்கி, ஸ்க்ரீன் ராடு இதெல்லாம் வலைக் கதவு ஓடுற பாதையில் நீட்டிக்கிட்டு இருக்கான்னும் பார்த்துடுங்க. மாட்டின பிறகு பார்த்தா தலைவலி!

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறவங்க ட்ராக்கை எண்ணுங்க. ரெண்டு ட்ராக்கிலும் கண்ணாடியே ஓடுதுன்னா வலைக்கு இடம் இல்லை, தனிச் சட்டம்தான் வைக்கணும். மூணாவது ட்ராக் காலியா இருந்தா, அதில் வலைக் கதவு மட்டும் செஞ்சு மாட்டினா போதும். புது வீடு கட்டுறவங்க ஆரம்பத்திலேயே வலைக்கும் சேர்த்து ட்ராக் கேளுங்க. பின்னாடி மாத்துறதை விட அது லாபம்.

எந்த வலை?

ஃபைபர் கிளாஸ் வலைதான் பரவலா கிடைக்கும். ஒரு அங்குலத்துக்கு 18-க்கு 16 கண்கள் இருக்கிற வலை கொசுவைத் தடுக்கும். துருப்பிடிக்காது, விலையும் கம்மி. ஆனா எலி கடிச்சுடும், பூனை கீறிடும். வயலை ஒட்டின வீடுன்னா எலிக்குக் கேட்கவே வேணாம். அங்கே எஸ்.எஸ். 304 ரக ஸ்டீல் வலை நல்லது. சாதாரண இரும்பு வலை இந்த ஈரத்துக்குத் துருப்பிடிச்சுடும்.

இன்னும் நெருக்கமான வலை இன்னும் நல்லதுதானேன்னு கேட்கலாம். கண் சின்னதாக ஆக காத்தும் குறையும். காத்துக்காகத்தானே இவ்வளவும்? கொசுவை நிறுத்துற அளவு போதும்.

விலை கேட்கும்போது சதுர அடிக்கு எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. சட்டம், ட்ராக், பிரஷ், மாட்டுற கூலி எல்லாம் அதில் சேர்ந்திருக்கான்னு கேளுங்க.

மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க

முதல்ல ட்ராக் சட்டம். நாலு ஓரமும் மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வெச்சுப் பார்த்துட்டு ஸ்க்ரூ போடணும். சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவுல இருக்கிற இடுக்கைச் சிலிகானால் அடைக்கணும்.

அடுத்து வலைக் கதவு. மேல் ட்ராக்கின் பள்ளம் கீழ் ட்ராக்கை விட ஆழமா இருக்கும். கதவை மேலே தூக்கி உள்ளே விட்டு, அப்படியே கீழ் ட்ராக்கில் இறக்கணும். கழுவக் கழட்டுறதும் இதே வழிதான். ஒரு முறை நீங்களே கழட்டி மாட்டிப் பார்த்துடுங்க.

மூணாவது, எல்லாரும் மறக்கிற விஷயம், பிரஷ். வலைக் கதவின் ஓரத்தில் மெல்லிய முடி மாதிரி ஒரு பட்டை ஒட்டுவாங்க. கதவும் ட்ராக்கும் உரசாம ஓட நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டே ஆகணும். அந்த இடைவெளியை அடைக்கிறது இந்த பிரஷ்தான். ரெண்டு வலைக் கதவும் நடுவுல சந்திக்கிற இடத்திலும் இது வேணும். "இதெல்லாம் தேவையில்லை சார்"னு ஃபிட்டர் சொன்னா, "பரவாயில்லைண்ணே, போட்டுடுங்க"ன்னு சொல்லிடுங்க.

பாதி திறந்தா பிரச்னை

கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல் வெச்சிருக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க. வலை ஒரு பக்கப் பாதியை மட்டும்தான் மூடும். அந்தப் பக்கக் கண்ணாடியை முழுசா தள்ளினா, கண்ணாடியின் ஓரச் சட்டமும் வலையின் ஓரச் சட்டமும் ஒண்ணுக்கொண்ணு நேரா வந்து இடுக்கு அடைபடும். பாதியில் நிறுத்தினா, வலைச் சட்டத்துக்கு எதிரே வெறும் கண்ணாடிதான் இருக்கும். கண்ணாடி சட்டத்தை விட மெல்லிசு இல்லையா? அந்த இடைவெளி வழியா கொசு ஜாலியா உள்ளே வரும். அதனால, ஒண்ணு முழுசா மூடுங்க, இல்லை முழுசா திறங்க.

ஜன்னல் மட்டும் போதாது

பாத்ரூம் வென்டிலேட்டர், ஏ.சி குழாய் போற ஓட்டை, கிச்சன் எக்ஸாஸ்ட், வாசக்கதவின் அடி இடுக்கு, ஓட்டு வீடுன்னா சுவருக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற சந்து. இதையெல்லாம் விட்டுட்டு ஜன்னலை மட்டும் மூடுறது பாதி வேலைதான். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் ஒரு துண்டு வலையைக் கட்டி விடுங்க. செலவே இல்லாத வேலை. உள்ளே வளர்ற கொசு வெளியே வராது. மீதம் விழுற வலையே இதுக்குப் போதும்.

ஃபிரிட்ஜ் பின்னால இருக்கிற தட்டு, மூடாத டிரம் இதில் ஏடிஸ் முட்டை வெச்சுட்டா, வலை போட்ட வீடு கொசுவுக்கே பாதுகாப்பான வீடாயிடும். வாரம் ஒரு முறை கொட்டித் தேய்ச்சுக் கழுவுங்க.

வாடகை ரூமா?

சிதம்பரத்தில் ரூம் எடுத்துப் படிக்கிறவங்க சுவரில் ஓட்டை போட்டா ஹவுஸ் ஓனர் முகம் மாறும். முதல்ல கேளுங்க. சம்மதிக்கலைன்னா வெல்க்ரோ வலை போட்டுக்கலாம். ஒட்டுறதுக்கு முன்னாடி நிலையை ஈரத்துணியால் துடைச்சு நல்லாக் காய விடுங்க. கொக்கி இருக்கிற மூலையை மட்டும் திறந்து மூடுற மாதிரி வெச்சுக்கோங்க.

கடைசியா ஒரு டெஸ்ட்

வேலை முடிஞ்சதும் பணத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, வலைக் கதவை மூடிட்டு ஒரு ஏ.டி.எம் கார்டை எடுத்து நாலு ஓரத்திலும், நடுவுல சேர்ற இடத்திலும் நுழைச்சுப் பாருங்க. பிரஷ் தடுத்தா ஓகே. கார்டு தடையே இல்லாம சர்ருன்னு போச்சுன்னா, அந்த இடத்தைக் காட்டி அப்பவே சரி பண்ணச் சொல்லுங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ட்ராக்கில் சேர்ற மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்துட்டு, வலையைச் சோப்புத் தண்ணியில் துடைச்சா போதும். தூசி அடைச்ச வலை கொசுவோடு காத்தையும் சேர்த்து நிறுத்திடும்.