அம்பத்தூர் மொட்டை மாடியில் ஒரு டீச்செடி

போன வருஷம் குன்னூர் போனபோது ஆசைப்பட்டு ஒரு டீச்செடி வாங்கி வந்தேன். அம்பத்தூர் வீட்டு மொட்டை மாடியில் வைத்து, தினமும் போர் தண்ணி ஊத்தினேன். ரெண்டே மாசத்தில் புதுத் தளிரெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. "வெயில் தாங்கலடா" என்றார் அம்மா. வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் ஆளைக் கவுத்தது தண்ணி.

தேயிலைக்குப் பிடித்த மண்ணின் பிஹெச் 4.5 முதல் 5.5 வரை. எங்க வீட்டுப் போர் தண்ணியை லேப்ல அளந்தால் 7.5. ரெண்டரைதானே வித்தியாசம்னு தோணும். ஆனா பிஹெச் லாக் ஸ்கேல் ஆச்சே! 5-க்கும் 7.5-க்கும் நடுவில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 300 மடங்குக்கு மேல் குறைகிறது. தண்ணியில் உள்ள பைகார்பனேட், மண்ணின் அமிலத்தைத் தினம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அப்புறம் மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். வேரால் எடுக்க முடியாது. இரும்பு இல்லையென்றால் இலையில் பச்சையம் உருவாகாது. ஃபர்ஸ்ட் இயர் லேப்ல மெத்தில் ஆரஞ்ச் விட்டு ஆல்கலினிட்டி கண்டுபிடிச்சோமே, அந்த வில்லன்தான் இது. அன்னைக்கு ரீடிங்கை பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினதுக்குத் தண்டனை.

அதனால் டீச்செடி வைக்கணும்னா மழைத்தண்ணி பிடித்து வையுங்க. இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணி போதும், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத்தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம். மண்ணில் இலைமக்கும் தேங்காய் நார்க்கழிவும் நிறைய சேர்த்து, மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து வைக்கணும். சீன வகையைவிட பெரிய இலை அஸ்ஸாம் வகை வெக்கையைத் தாங்கும். கிள்ளாமல் விட்டால் நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப்பூ பூக்கும்.

இன்னொரு கதை. பூந்தமல்லி பக்கம் ஒரு நர்சரியில் 'டீ போன்சாய்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது ஃபூக்கியன் டீ. தேயிலைக்கு உறவே இல்லை. சீன மாகாணத்தின் பெயர் ஒட்டிக்கொண்டாலும் நம்ம ஊர்ப் புதர்க்காட்டிலும் தானாக வளரும் செடிதான். தமிழில் குருவிங்கி. பளபளக்கும் குட்டி இலை, வெள்ளைப்பூ, சிவப்புப்பழம். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். பிலிப்பைன்ஸில் இதன் இலையை வயிற்றுவலிக்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள்.

செத்துப்போன டீச்செடியின் தொட்டியில் இப்போ குருவிங்கி, அதே போர் தண்ணியில் ஜம்முனு இருக்கு. ரெண்டாவது டீச்செடி ஏசி பைப்புக்குக் கீழே. தளிர் பச்சையாத்தான் வருது.