பட்டியை விட்டு ஓடாத காவல் நாய்: பழக்கும் முறை

ஆட்டுப் பட்டிக்கு நாய் வளர்ப்பவர்கள் பலர் சொல்லும் குறை இது: "நல்லாத்தான் குரைக்குது, ஆனா துரத்திக்கிட்டு ஓடிருது." ஒரு தெருநாயைத் துரத்தி நாலு காடு தாண்டி நம் நாய் போன நேரத்தில், மற்ற நாய்கள் மறுபக்கம் பட்டிக்குள் புகுந்துவிடும். காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டி புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதை அறிவோம். எனவே நமக்குத் தேவை துரத்தும் நாய் அல்ல. நாம் வந்து சேரும் வரை நின்ற இடத்திலேயே குரைக்கும் நாய்.

எந்தக் குட்டி?

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஓடி இரை பிடிக்க வளர்க்கப்பட்டவை. துரத்தும் குணம் அதிகம். காவலுக்குக் கோம்பை, ராஜபாளையம் ஏற்றவை. நல்ல நாட்டு நாய்க்குட்டியும் போதும். 2 மாதக் குட்டியை வாங்கி, பட்டியருகிலேயே தங்க வைத்து, தீனியும் தண்ணீரும் அங்கேயே கொடுக்க வேண்டும்.

பழக்கும் முறை

1. குட்டிக்கு 5, 6 மாதம் ஆனதும், தினமும் காலை, மாலை நீளக் கயிற்றில் பிடித்துப் பட்டியைச் சுற்றி நடத்துங்கள். எல்லை அதற்குப் பதியும்.

2. நாய்க்குப் பழக்கமில்லாத ஒருவரை வேலிக்கு வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள். நாய் குரைத்ததும் நீங்கள் அதனிடம் சென்று, அந்த இடத்திலேயே தட்டிக்கொடுத்து, ஒரு துண்டு தீனி கொடுங்கள். வந்தவர் பிறகு விலகிப் போகட்டும்.

3. முதலில் உடனே செல்லுங்கள். பிறகு அரை நிமிடம், 1 நிமிடம், 3 நிமிடம், 10 நிமிடம் என மெல்லத் தாமதியுங்கள்.

4. இடையில் நாய் நகர்ந்தால் திட்டாமல் கயிற்றால் பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். மறுநாள் நேரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

5. பகலில் சரியாக நின்ற பிறகே இரவில் பழக்குங்கள். கயிறு இல்லாமல் விடுவது கடைசிப் படி.

செய்யக் கூடாதவை

குரைக்கும் நாயை வீட்டு வாசலில் இருந்து கூப்பிடாதீர்கள். இடத்தை விட்டு வந்தால் பாராட்டு கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். குரைத்தும் நீங்கள் போகாமலே இருந்தால், சில நாளில் அது சலித்துப் படுத்துவிடும். ஓடித் திரும்பிய நாயை அடிப்பதும் வீண். திரும்பி வந்ததற்கு அடி என்றே அது புரிந்துகொள்ளும். துரத்தும் பழக்கமுள்ள பெரிய நாயுடன் சேர்த்துப் பழக்காதீர்கள். முயல் பிடிக்க விடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துரத்தும் ருசியும் ஒட்டிக்கொள்ளும்.

உடல்நலம்

வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும்படி தொடர்ந்து போடுங்கள். குடற்புழு நீக்கமும் அவசியம். ஆட்டுத் தலை, குடலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். மூளையில் புழுக்கட்டி உள்ள ஆட்டுத் தலையைத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை சாணத்தின் வழியே மேய்ச்சலில் கலந்து, ஆடுகள் தலை சாய்ந்து வட்டமடிக்கும் நோயைக் கொண்டுவரும்.

பொறுமையாகச் சில மாதம் பழக்குங்கள். அது குரைக்கும்போது எழுந்து போவது உங்கள் பங்கு. நீங்கள் போகும் வரை நிற்பது அதன் பங்கு.